கூட்டாக நிலம் வாங்கி வாழப்போகிறீர்களா? பத்திரம் யார் பெயரில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எட்டுப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, ஊருக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு ஏக்கர் வாங்கி, உழைப்பையும் செலவையும் பகிர்ந்துகொண்டு இயற்கையோடு ஒட்டி வாழ வேண்டும் என்ற ஆசை இன்று தமிழ்நாட்டில் பலருக்கு இருக்கிறது. அந்த ஆசை எனக்குப் பிடிக்கும். அது நிறைவேற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்படிக் கூடும் குழுக்களில் பேச்சு பெரும்பாலும் மண் வீடு, நாட்டு மாடு, மரச்செக்கு, பிள்ளைகளின் படிப்பு என்று நல்ல விஷயங்களையே சுற்றி வருகிறது. நிலம் யார் பெயரில் இருக்கும், ஒருவர் விலகினால் அவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விகள் முன்பணம் கொடுத்த பிறகுதான் எழுகின்றன. அப்போது நேரம் இருக்காது. பத்திர எழுத்தர் வழக்கமாக எழுதும் மாதிரியில் ஒன்று எழுதப்பட்டு, பதிவாகிவிடும். அடுத்த முப்பது வருடத்துக்கு அதுதான் உங்கள் அரசியல் சட்டம்.

ஆகவே நம் முன்னே இருக்கும் வழிகளை ஒரே ஒரு அளவுகோலை வைத்து ஒப்பிடுகிறேன். ஐந்தாம் வருடம் ஒரு குடும்பம் விலக நினைத்தால், அல்லது ஒருவர் இறந்துபோனால், நிலத்துக்கும் மீதிப் பேருக்கும் என்ன ஆகும்? எல்லாம் சுமுகமாக இருக்கும் வரை எந்த அமைப்பும் நன்றாகத்தான் ஓடும்.

பெர்மாகல்ச்சர் முறையில் பண்ணை அமைக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-இல் இந்த முறையை எழுதி வெளியிட்டபோது, நிலத்தை ஒரே உடம்பாகப் பார்க்கச் சொன்னார்கள். தினமும் கை படுகிற கீரையும் காய்கறியும் வீட்டுக்குப் பக்கத்தில். வாரம் ஒருமுறை பார்க்க வேண்டிய பழமரங்கள் கொஞ்சம் தள்ளி. யாரும் தொடாத காடு கடைசி எல்லையில். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் வழியெல்லாம் சம உயர வரப்புகளால் தடுக்கப்பட்டு மண்ணுக்குள் இறங்க வேண்டும். ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் மழை பெய்யும் மானாவாரிக் காட்டில் ஒரு ஏக்கரில் விழும் தண்ணீர் 26 லட்சம் லிட்டர். அதைப் பிடிக்க வெட்டும் வரப்பு, சர்வே கல்லைப் பார்த்து நிற்காது. மேட்டுப் பங்காளி வரப்பை உடைத்தால் பள்ளத்துப் பங்காளியின் குட்டை காயும். முதல் சில வருடங்களில் நீங்கள் போடும் பணமும் உழைப்பும் மண்ணிலும் வரப்பிலும் மரக்கன்றிலும் கரைந்திருக்கும். விலகுகிறவர் அதைப் பிரித்து எடுத்துப் போக முடியாது, மரங்கள் காய்க்கவும் நாளாகும். அதனால்தான் பிரிவினை வழக்கு சாதாரணத் தோட்டத்தை விட இத்தகைய பண்ணையை அதிகம் காயப்படுத்துகிறது.

ஒரே பத்திரம், பத்துப் பெயர்

மிக எளிய வழி இது. எல்லாரும் பணம் போட்டு, எல்லார் பெயரிலும் ஒரே கிரயப் பத்திரம், பிரிபடாத பாகமாக. கூட்டுப் பட்டா வாங்கிவிடலாம். தனி அமைப்பு வேண்டாம், ஆண்டுக் கணக்கு தாக்கல் வேண்டாம். பெரும்பாலான நண்பர் குழுக்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. பத்துக் குடும்பங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 44-இன்படி, கூட்டு உரிமையாளர்களில் எவரும் தன் பாகத்தை யாருக்கும் விற்கலாம். வாங்கியவர் உங்களோடு கூட்டு உரிமையாளர் ஆகிவிடுவார். பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடும் உரிமையும் அவருக்கு வந்துவிடும். உங்கள் கொள்கை பற்றி அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. "அப்படியென்றால் வெளியாருக்கு விற்கவே கூடாது என்று பத்திரத்தில் எழுதிவிடலாமே?" என்று கேட்பார்கள். அதே சட்டத்தின் பிரிவு 10, விற்பனையை முற்றாகத் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது. தைரியமாக எழுதலாம், நீதிமன்றத்தில் நிற்காது. ஓரளவு நிற்கக்கூடியது, விற்பதற்கு முன் மற்ற உறுப்பினர்களுக்கு முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்ற ஒப்பந்தம். அதிலும் விலையை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை மாதத்துக்குள் பணம் தர வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 22 தரும் முன்னுரிமை உடன் வாரிசுகளுக்கு மட்டுமே, நண்பர்களுக்கு இல்லை.

இறப்பு இன்னொரு பக்கம். பத்து உரிமையாளர்கள் இருபது வருடத்தில் முப்பது வாரிசுகளாகப் பெருகலாம். ஒருவர் கனடாவில், ஒருவர் துபாயில் இருப்பார். மின் இணைப்புப் பெயர் மாற்றமோ வங்கிக் கடனோ எதுவாக இருந்தாலும் எல்லார் கையெழுத்தும் வேண்டும். அண்ணன் தம்பிகளோ, ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவரிடம் இருக்கும் அளவுக்கு நெருங்கிய இரண்டு மூன்று குடும்பங்களோ என்றால் சரி, இந்த வழியில் போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

தனித்தனி நிலம், நடுவில் பொது நிலம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கிரிஸ்டல் வாட்டர்ஸ் என்ற பெர்மாகல்ச்சர் கிராமம் 1980-களின் கடைசியில் உருவானது. சுமார் 640 ஏக்கர். அதில் 83 குடியிருப்பு மனைகள் தனித்தனிக் குடும்பங்களுக்குச் சொந்தம். மீதி, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, பொது நிலம். ஒருவர் விலக நினைத்தால் தன் மனையை விற்றுவிட்டுப் போகலாம், வாங்குகிறவர் கிராமத்தின் விதிகளோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். விலகலால் பொது நிலத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த அமைப்பின் பலம் இதுதான்.

இதை அப்படியே நம் ஊரில் செய்ய நினைத்தால் பதிவுச் சட்டத்தின் பிரிவு 22-அ குறுக்கே வரும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் வீட்டுமனையைப் பதிவு செய்ய முடியாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு ஒழுங்குபடுத்தும் திட்டம் வந்தது, அதற்குப் பிந்தியவை அங்கீகாரம் பெற்றே ஆக வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரத்துக்குச் சாலைக்கும் பொது இடத்துக்கும் நிலம் விட வேண்டும், செலவும் காலமும் பிடிக்கும். அதைத் தவிர்க்க விவசாய நிலமாகவே ஆளுக்கு ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் என்று அடுத்தடுத்து வாங்கி உட்பிரிவு செய்துகொள்ளும் குழுக்கள் உண்டு. இது நடக்கக்கூடிய வழிதான். வங்கிக் கடனும் எளிது, வாரிசுச் சிக்கலும் அந்தந்தக் குடும்பத்தோடு நின்றுவிடும்.

ஆனால் அப்போது பண்ணை பத்துத் துண்டாகிவிடும். ஒருவர் வேலி போடுவார். பக்கத்துக்காரர் மூடாக்குப் போட்டு மண்ணைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, அங்கே பூச்சிமருந்து அடிக்கப்படும். இதைச் சமாளிக்க ஒரு கருவி இருக்கிறது, பலர் கண்டுகொள்வதில்லை. இந்திய வசதியுரிமைகள் சட்டம், 1882. பாதை, வாய்க்கால், வரப்பு, குட்டை, கிணற்றுத் தண்ணீர் ஆகியவற்றுக்கான உரிமைகளைப் பரஸ்பரம் எழுதிப் பதிவு செய்துவிட்டால், நிலம் யார் கைக்கு மாறினாலும் அந்த உரிமை நிலத்தோடு ஒட்டிப் போகும். நம் கிராமங்களில் கிணற்றுப் பங்கும் தண்ணீர் முறையும் பத்திரத்தில் எழுதி வருவது இதே தர்மத்தில்தான். தனித்தனியாக வாங்கும் குழு, கிரயம் முடிந்த அதே வாரத்தில் இந்தப் பத்திரத்தையும் பதிவு செய்துவிட வேண்டும். எல்லாரும் நல்ல மனநிலையில் இருக்கும் வாரம் அது ஒன்றுதான்.

அறக்கட்டளை அல்லது சங்கம்

இங்கே நிலம் யாருக்கும் சொந்தமில்லை, ஒரு நோக்கத்துக்குச் சொந்தம். கரூர் மாவட்டம் கடவூர் அருகே சுருமான்பட்டியில் இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் தொடங்கிய வானகம் நமக்கு அருகிலுள்ள சான்று. வறண்ட பூமியை மழைநீரைக் கொண்டும் மரங்களைக் கொண்டும் மீட்டெடுக்கலாம் என்று காட்டிய இடம் அது. 2013-இல் அவர் மறைந்த பிறகும் அங்கே பயிற்சிகள் தொடர்ந்தன. நிலம் ஒரு குடும்பத்தின் வாரிசுச் சொத்தாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். பயிற்சி, ஆராய்ச்சி, காடு வளர்ப்பு என்று பொது நோக்கம் இருந்தால் இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. சங்கமாகப் பதிய விரும்பினால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் 7 பேர் போதும்.

ஆரோவில்லும் இந்த வகையின் பெரிய வடிவம். 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கியபோது அது செம்மண் அரித்துக்கொண்டிருந்த மொட்டைப் பூமி. வரப்பு கட்டி, முன்னோடி மரங்களை நட்டு, அவற்றின் நிழலில் நாட்டு மரங்களைக் கொண்டுவந்து காடாக்கினார்கள். 2003-இல் அங்கே தொடங்கிய சாதனா வனம் 70 ஏக்கர் பாழ்நிலத்தில் தன்னார்வலர்களின் உடலுழைப்பைக் கொண்டே இதைச் செய்துவருகிறது. ஆரோவில்லில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்கும் அந்த வீடு சொந்தமில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொத்துகள் ஆரோவில் அறக்கட்டளையிடம் இருக்கின்றன. ஆளுகைக் குழுவை மத்திய அரசு நியமிக்கிறது. 2021 டிசம்பரில் கிரவுன் சாலை என்ற வட்டச் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது குடியிருப்பாளர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. பத்துக் குடும்பங்கள் தொடங்கும் சிறிய அறக்கட்டளைக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. அறங்காவலர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, நிலத்தின் விதியை அவர்தான் எழுதுவார். வியர்வை சிந்தியவருக்குச் சட்டப்படி குரல் இல்லாமல் போகலாம்.

இந்த வழியில் விலகுகிறவருக்கு எதுவும் திரும்பாது. ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் போட நினைக்கும் குடும்பத்திடம் அறக்கட்டளையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. கொடுத்ததை மறந்துவிடக் கூடியவர்களுக்கு மட்டுமே இது.

கூட்டுறவுச் சங்கமா, உற்பத்தியாளர் நிறுவனமா?

ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற கூட்டுறவுக் கொள்கை நமக்குப் புதிதல்ல. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் தொடங்கியது. பங்கிட்டு வாழ நினைக்கும் குழுவுக்கு மனதளவில் மிக நெருக்கமான வடிவமும் கூட்டுறவுதான். ஆனாலும் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இன் கீழ் பதிவாளரின் கை மிக நீளம். துணைவிதி மாற்றத்துக்கு அவர் ஒப்புதல் வேண்டும். பிரிவு 88-இன்படி நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டுத் தனி அலுவலரை அவர் உட்கார வைக்கலாம். பெரிய கடன் சங்கங்களுக்கு அந்தக் கண்காணிப்புத் தேவைதான், பத்துக் குடும்பப் பண்ணைக்கு அது தாங்காது. இதற்கு மேல் இதில் நிற்க வேண்டாம்.

கூட்டுறவின் உயிரை நிறுவனச் சட்டத்தின் உடம்பில் வைத்த வடிவம் ஒன்று இருக்கிறது, உற்பத்தியாளர் நிறுவனம். 2002-இல் செய்த திருத்தத்தால் வந்தது. இப்போது 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்துக்குள் 21அ அத்தியாயமாக இருக்கிறது. குறைந்தது 10 உற்பத்தியாளர்கள், 5 இயக்குநர்கள். ஒருவர் ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒரே ஓட்டு. பங்குக்குத் தரும் ஈவுக்கு வரம்பு உண்டு. அதற்கு மேல் மிஞ்சுவதை, நிறுவனத்தோடு யார் எவ்வளவு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார் என்பதைப் பார்த்துப் பிரிக்கலாம். விலகல் விஷயத்தில் இதன் விதிகள் நம் கேள்விக்கென்றே எழுதியது போல இருக்கின்றன. பங்கை இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு, செயல்பாட்டில் உள்ள இன்னொரு உறுப்பினருக்குத்தான், முகமதிப்பில்தான், அதாவது பங்கில் எழுதியிருக்கும் தொகைக்குத்தான், மாற்ற முடியும். உறுப்பினராகச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஒவ்வொருவரும் வாரிசுதாரரை நியமிக்க வேண்டும். அந்த வாரிசு உற்பத்தியாளர் இல்லையென்றால் பங்கை ஒப்படைத்துவிட்டுப் பணம் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான். நிலத்தைத் துண்டாடும் உரிமை அவருக்கு வராது.

பணக் கணக்கிலும் ஒரு வித்தியாசம் பாருங்கள். நிலம் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, வழிகாட்டி மதிப்பு அல்லது விற்ற விலை இவற்றில் எது கூடுதலோ அதன் மேல் கட்ட வேண்டும். நிறுவனத்தில் உறுப்பினர் மாறினாலும் நிலம் கைமாறுவதில்லை. மாறாக, ஆண்டுதோறும் தணிக்கை, தாக்கல், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இயக்குநர் கூட்டம், நடவடிக்கைக் குறிப்பு. உறுப்பினர்களில் ஒருவராவது காகிதத்தை மதிப்பவராக இருந்தால் இது பெரிய பாரமில்லை. அப்படி யாரும் இல்லாத குழு இந்தப் பக்கம் வர வேண்டாம்.

முகமதிப்பு என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். ஏக்கர் பத்து லட்சத்துக்கு வாங்கியது முப்பது லட்சம் ஆனாலும் விலகுகிறவருக்குப் பங்கின் முகமதிப்புதான். கூட்டு வாழ்வைக் காப்பதும் இதே விதி, நடுத்தரக் குடும்பத்தைப் பயமுறுத்துவதும் இதே விதி. நிலத்தை ஊகச் சரக்காகப் பார்க்காதவர்கள் சேர வேண்டும் என்று சொல்வது எளிது. ஆனால் ஐம்பத்தைந்து வயதில் விலகி நகரத்துக்குத் திரும்பும் ஒருவர், அன்றைய விலையில் தலைக்கு மேல் ஒரு கூரை வாங்க முடியாமல் தவிக்கக் கூடாது. இன்னொரு குறையும் இருக்கிறது. இந்த நிறுவனத்தின் சட்டபூர்வ நோக்கம் விளைவித்தல், பதப்படுத்துதல், விற்றல் போன்றவை. உறுப்பினர்களின் வீடுகளை அதன் நிலத்தில் கட்டினால் அந்த வீட்டின் மேல் அவர்களுக்கு என்ன உரிமை என்பது சிக்கலாகும்.

என் தேர்வு

வீட்டையும் பண்ணையையும் பிரித்துவிடுங்கள். பத்துக் குடும்பங்கள், பத்துப் பன்னிரண்டு ஏக்கர் என்ற அளவுக்கு என் முடிவு இதுதான்: பண்ணை உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில், வீடு அவரவர் பெயரில். குடும்பத்தின் சேமிப்பில் பெரும்பகுதி வீட்டில் இருக்கட்டும், அதை அன்றைய விலைக்கு விற்றுக்கொண்டு போகலாம். பண்ணைக்குப் போடும் பங்கு, போனாலும் குடும்பம் ஆடிப்போகாத தொகையாக இருக்கட்டும். நிலத்துக்கான பெருந்தொகையைப் பங்காகப் போடுவதா, நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுப்பதா என்பதைப் பட்டயக் கணக்காளரிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். உறுப்பினரிடம் நிறுவனம் பணம் வாங்குவதற்கும் விதிகள் உண்டு.

வீடு எங்கே? பண்ணைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஊருக்குள்ளேயே, நத்தத்தில். பழைய ஓட்டு வீடுகள் பூட்டிக் கிடக்காத கிராமம் இன்று அபூர்வம். அவற்றை வாங்கிப் பழுது பார்த்தால் மனைப்பிரிவு அங்கீகாரம் என்ற தலைவலி வராது. சாலை, மின்சாரம், குடிநீர், பள்ளிப் பேருந்து எல்லாம் ஏற்கெனவே இருக்கும். அதைவிட முக்கியம், நீங்கள் ஊரோடு இருப்பீர்கள். கம்பி வேலிக்குள் தனி ஊர் அமைத்துக்கொள்ளும் சுற்றுச்சூழல் கிராமங்கள் பக்கத்து ஊருக்கு எப்போதும் அந்நியமாகவே இருந்துவிடுகின்றன. தண்ணீரும் மேய்ச்சலும் தகராறாகும்போது அந்த அந்நியம் கசப்பாக மாறும். பெர்மாகல்ச்சர்காரர்கள் வீட்டைச் சுழியம் மண்டலம் என்று வைத்து, அதிலிருந்து எல்லாவற்றையும் அளப்பார்கள். வீடு பண்ணைக்கு வெளியே இருந்தால் அந்தக் கணக்குக் கெடும் என்பது உண்மை. பண்ணையில் ஒரு பொதுச் சமையல் கொட்டகையும் களஞ்சியமும் காவலுக்கு ஒரு குடும்பம் தங்க இடமும் கட்டி, அதை மையமாக வைத்து வடிவமைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாங்குவதற்கு முன் சில எச்சரிக்கைகள். நில உச்சவரம்புச் சட்டத்தின்படி ஒரு நபர் அல்லது ஐந்து பேர் வரையுள்ள குடும்பம் 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) வரைதான் வைத்திருக்கலாம். நிறுவனமும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர்தான். புன்செய்யில் ஒரு தர ஏக்கர் சாதாரண ஏக்கரை விடப் பெரிதாக வரும் என்றாலும், இருபத்தைந்து முப்பது ஏக்கர் கனவு காண்கிறவர்கள் வழக்கறிஞரிடம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மலைக் கிராமங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. கோயில் நிலம், பூதான நிலம், நிபந்தனைப் பட்டா நிலம் இவை வில்லங்கச் சான்றிதழில் தெரியாமலே போகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பஞ்சமி நிலமா என்று பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். அதை மற்றவர்களுக்கு விற்றால் செல்லாது. ஆனாலும் பெரும்பகுதி கைமாறிப் போயிருக்கிறது, பல தலைமுறைப் பத்திரங்களோடு மலிவாகச் சந்தைக்கும் வருகிறது. புரோக்கர் சொல்ல மாட்டார். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டையும், வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய ஆவணங்களையும் பார்த்தால் தெரியும். பறிக்கப்பட்ட நிலத்தில் சமத்துவ வாழ்வைக் கட்ட முடியாது, சட்டம் விட்டாலும்.

முதல் மூன்று மழைக்காலத்துக்காவது வாங்காமல் குத்தகைக்கு எடுத்துச் சேர்ந்து உழைத்துப் பாருங்கள் என்றும் சொல்வேன். 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் சொந்த உழைப்பில் பயிர் செய்யும் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற விடாது. அந்தப் பயத்தால் நில உரிமையாளர்கள் எழுத்தில் தரத் தயங்குவார்கள். ஆனாலும் தேடினால் கிடைக்கும். யார் காலை ஆறு மணிக்கு வருகிறார், யார் கூட்டத்துக்கு மட்டும் வருகிறார் என்பது அதற்குள் தெரிந்துவிடும். இதே சட்டத்தால், பண்ணை நிலத்தைத் துண்டு துண்டாக உறுப்பினர்களுக்கே குத்தகைக்கு விடும் யோசனையையும் கவனத்தோடு அணுக வேண்டும். விலகச் சொன்னாலும் விலகாத நிலை வரலாம்.

பங்களிப்பை எதில் அளப்பது?

மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. எல்லாரும் மாதம் இவ்வளவு பணம் தருவது. எல்லாரும் வாரம் இவ்வளவு நேரம் உழைப்பது. நிலத்தில் உள்ள பங்குக்கு ஏற்ப உழைப்பது.

கடைசியில் சொன்னது நம் ஊர்க் குடிமராமத்து. ஏரிப் பாசனத்தில் யாருக்கு எவ்வளவு நிலமோ, அந்த அளவுக்கு அவர் ஆள் அனுப்பிக் கரையையும் வாய்க்காலையும் சீர்செய்ய வேண்டும். அதிகம் பெறுகிறவர் அதிகம் தர வேண்டும் என்பது அதன் நியாயம். ஆனால் ஆள் அனுப்பினால் போதும் என்ற இடத்தில் அதன் பலவீனமும் இருந்தது. நிலம் உடையவர் மண் சுமக்கவில்லை, அவர் ஆள் சுமந்தார்.

நேரக் கணக்குக்குப் பெயர் பெற்றது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967-இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ். அங்கே வருமானம் பொது. ஒவ்வொருவரும் வாரத்துக்குச் சுமார் 42 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். தோட்டத்தில் உழைத்தாலும் சமைத்தாலும் குழந்தையைப் பார்த்துக்கொண்டாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். தொடக்கத்தில் யாரும் விரும்பாத வேலைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு அதைக் கைவிட்டு எல்லாவற்றையும் சமமாக்கினார்கள். வருமானத்தைப் பொதுவாக்கும் அளவுக்கு நம் குடும்பங்கள் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, போகவும் தேவையில்லை. ஆனால் சமையலையும் குழந்தை பராமரிப்பையும் முழு வேலையாக எழுதும் அந்த ஏட்டை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் கூட்டுப் பண்ணைகளில் ஆண்கள் வரப்பு வெட்டியதும் மரம் நட்டதும் கணக்கில் ஏறுகின்றன. முப்பது பேருக்குச் சோறு வடித்தவர்கள் "உதவி செய்தவர்கள்" ஆகிவிடுகிறார்கள். நிறுவனத்தில் பங்கும் அந்தப் பெண்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஓட்டு அவர்கள் கைக்கு வரும்.

பணம் மட்டும் தந்து பங்கு பெறும் வழியை அடைத்தே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. உற்பத்தியாளர் நிறுவனத்தில் சட்டமே அதற்குத் துணை நிற்கிறது, உற்பத்தியில் ஈடுபடாதவர் உறுப்பினராக முடியாது. சென்னையில் வேலையில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவருக்கு என்ன செய்வது? குறைந்தபட்ச நேரத்தில் பாதியைப் பணமாகத் தரலாம், மீதியைக் கட்டாயம் உடம்பால் தர வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். அந்தப் பணமும் பொதுச் செலவில் கரையாமல், அவருக்குப் பதிலாக உழைத்தவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பதிலாள் பெரும்பாலும் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வரும் கூலித் தொழிலாளி. எந்தக் கூட்டுப் பண்ணையின் கணக்கையும் நேர்மையாக எடுத்துப் பார்த்தால், அதன் உழைப்பில் பாதிக்கு மேல் உறுப்பினர் அல்லாத இரண்டு மூன்று பேருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த வரப்பு எந்த மழையில் உடையும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். எந்த ஓடையில் எந்த மாதம் ஈரம் இருக்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். பகிர்ந்து வாழ்வது என்று பெயர் வைத்துவிட்டு அவர்களை நாள்கூலியில் நிறுத்திவைப்பது எனக்குச் சம்மதமில்லை. பத்திரமும் பங்கும் எழுதும்போதே இரண்டு மூன்று பங்குகளை அவர்களுக்கென்று ஒதுக்கிவையுங்கள். முகமதிப்பைக் கையிலிருந்து கட்டச் சொல்லாமல், கூலிக்கு மேல் நிறுவனம் தரும் ஊக்கத்தொகையில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளலாம். நிலமற்றவருக்கு உற்பத்தியாளர் என்ற தகுதி எப்படி வரும் என்று உங்கள் கணக்காளர் கேட்பார். ஆடு, கோழி, தேனீ வளர்ப்பதும் சட்டத்தின் பார்வையில் உற்பத்திதான். பண்ணைக்குள்ளேயே அதற்கு இடம் கொடுங்கள், முதல் பொதுக்குழுவுக்கு அவர்களையும் உறுப்பினராகவே அழையுங்கள்.